எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்கு மோர்ஃபின் இல்லாத மயக்கம்: அக்காவுக்கு எதைக் கேட்பது?

கொழுந்துக்கூடை (கொட்டகலை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மூத்த அக்காவுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் நடக்க இருக்கிறது. காத்திருப்புப் பட்டியலில் இப்போதுதான் முறை வந்திருக்கிறது. வயது 44, உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 112 கிலோ. தமிழ்ப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. நாங்கள் இன்னும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் இருக்கிறோம். அடுத்த காம்பராவில் இருக்கும் பாட்டி ஒருநாள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சருடைய மூச்சு நடு இரவில் நின்று நின்று வருகிறது, கவனித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கே அது கேட்கிறது.

மயக்க மருந்து கிளினிக்கில் டொக்டர், "இவருக்கு ஓபியொயிட் இல்லாமல் மயக்கம் கொடுக்க யோசிக்கிறோம்" என்று (மோர்ஃபின் வகை வலி மருந்துகளைத்தான் அப்படிச் சொல்வார்களாம்) சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆளுக்கொரு கதை. மோர்ஃபின் புற்றுநோய்க்காரருக்குக் கொடுப்பது, அது இல்லாமல் இருப்பதே நல்லது என்கிறார் மாமா. வலிக்கு மருந்தே கொடுக்காமல் வயிற்றில் கை வைக்கப் போகிறார்கள் என்று அத்தை அழுகிறார். அக்கா எதுவும் பேசுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இது என்ன முறை, இதில் நாங்கள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பனிமூட்டம் எழுதியது:

தங்கச்சி, நான் மலையக வைத்தியசாலை ஒன்றில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்யும் வைத்தியர். முதலில் அத்தையின் கண்ணீரைத் துடையுங்கள். ஓபியொயிட் இல்லை என்றால் வலிக்கு மருந்து இல்லை என்று அர்த்தமே கிடையாது. தியேட்டரில் அக்காவுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, எந்த முறையில் கொடுத்தாலும் அது ஒன்றுதான். வித்தியாசம் அவர் கண் விழித்த பிறகு, முக்கியமாக அன்று இரவு தெரியும்.

பொது மயக்கத்தில் நாங்கள் நினைவை உறங்கவைக்கிறோம், தசைகளைத் தளர்த்துகிறோம், கத்தி படும்போது உடல் துடிப்பதையும் பிரஷர் எகிறுவதையும் அடக்குகிறோம். இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஃபென்டனைலும் அதன் உறவு மருந்துகளும். பெல்ஜியத்தில் போல் ஜான்சன் 1960இல் ஃபென்டனைலை உருவாக்கினார். உடனே வேலை செய்யும், இதயத்தைப் பெரிதாகக் குலைக்காது. ஆகவே உலகம் முழுவதும் அதற்குப் பழகிவிட்டது.

ஆனால் மோர்ஃபினிலிருந்து ட்ரமடோல் வரை இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. அளவு கூடினால் மூச்சை எழுப்பிவிடும் மூளைப் பகுதி மந்தமாகும். காபனீரொட்சைட்டு இரத்தத்தில் ஏறிக்கொண்டே போனாலும் மூளை அதைப் பொருட்படுத்தாது. மெலிந்தவர் இதை ஓரளவு தாங்கிக்கொள்வார். உங்கள் அக்காவின் நிலை வேறு. கழுத்தைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பால் தூக்கத்தில் தொண்டைக்குழி அமுங்கிப் பாதை அடைபடுகிறது. வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலில் சேமிப்பாக இருக்கும் ஒட்சிசனும் குறைவு. வீட்டில் ஒவ்வோர் இரவும் அவருடைய மூச்சு நிற்கும்போது மூளை பதறி அவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது, மூச்சு திரும்ப வருகிறது. பாட்டி சுவர் வழியாகக் கேட்டது இதைத்தான். ஓபியொயிட் அந்தப் பதற்றத்தை மழுங்கடிக்கிறது. மூச்சு நிற்கும், எழுப்பிவிட ஆள் இல்லை. இந்த முறையைப் பற்றி எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்காரர்கள் முதலில் யோசிக்கத் தொடங்கிய காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் வாந்தி. பெண், புகை பிடிக்காதவர், பயணத்தில் வாந்தி வருபவர் அல்லது முன்பு மயக்கத்துக்குப் பின் வாந்தி எடுத்தவர், சத்திரசிகிச்சைக்குப் பின் ஓபியொயிட் பெறுபவர் என்று நான்கு காரணிகளை வைத்து நாங்கள் கணக்குப் பார்ப்போம். ஒன்றும் இல்லாதவருக்கு வாந்தி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம், நான்கும் இருந்தால் 80ஐ நெருங்கும். ரம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் அக்காவுக்கு வயிற்றைப் புரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். புரட்டும் என்றால் நான்கில் மூன்று ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. எங்கள் கையில் இருப்பது அந்த நான்காவது மட்டும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மீதியைச் சிறு உலோக ஸ்டேப்பிள்களால் தைத்து வைத்திருக்கும் நேரத்தில் ஓங்கரித்து வாந்தி எடுப்பதை எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் விரும்பமாட்டார்.

அப்படியானால் பதிலுக்கு என்ன கொடுப்பார்கள்? ஒரே ஒரு மருந்தை மாற்றி வைப்பதில்லை, பல மருந்துகளைச் சிறு அளவில் சேர்ப்பார்கள். பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் யான் முல்யே என்ற மயக்க மருந்து நிபுணரும் அவருடைய குழுவும் டெக்ஸ்மெடெடொமிடின், கெட்டமின், லிடோகெயின் மூன்றையும் கலந்து கொடுக்கும் முறையைப் பரப்பினார்கள். டெக்ஸ்மெடெடொமிடின் உடலின் பதற்ற நரம்புகளைத் தணிக்கும், மூச்சைப் பெரிதாக நிறுத்தாது. கெட்டமின் வலிச் செய்தி முள்ளந்தண்டில் பெருகுவதைத் தடுக்கும். லிடோகெயினை நாளத்தில் கொடுத்தால் நரம்புகளின் துடிப்பு அடங்கும். இவற்றோடு பிரசவ வார்டுகளில் எல்லோருக்கும் தெரிந்த மெக்னீசியம் சல்பேற், வீக்கத்துக்கும் வாந்திக்கும் டெக்ஸாமெதசோன், நாளத்தில் பரசிட்டமோல். வயிற்றில் துளை போடும் இடங்களில் மரக்கச் செய்யும் ஊசி. இத்தனையும் சேர்ந்துதான் அக்காவுடைய "வலிக்கு மருந்து".

ஊவா மருந்தாளர் (பதுளை) எழுதியது:

டொக்டர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். அக்கா பிரஷருக்கு என்ன குளிசை எடுக்கிறார்? நம் பக்கத்தில் பலருக்கு அட்டெனோலோல்தான். அது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. டெக்ஸ்மெடெடொமிடினும் துடிப்பைக் குறைக்கும். இரண்டும் சேர்வது மயக்க மருந்து டொக்டருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துத்தான்.

சீனிக்கு எடுக்கும் மருந்தின் பெயரையும் பாருங்கள். எம்பக்ளிஃப்ளோசின், டாபக்ளிஃப்ளோசின் போன்றவற்றைச் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 3 நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். ஈரலைச் சுருக்குவதற்காகச் சில வாரங்கள் மிகக் குறைந்த உணவில் வைத்திருக்கும்போது இந்த வகை மருந்து இரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடும், சீனி அளவு பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். கிளினிக்கில் அதைக் குறித்திருப்பார்கள், ஆனாலும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். டெக்ஸாமெதசோன் கொடுத்தால் மறுநாள் சீனி ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள், வீட்டில் யாரும் பதறவேண்டியதில்லை.

மாமா சொன்னது பற்றி: மோர்ஃபின் என்றதும் நம் சனங்களுக்குப் போதைத் தூள்தான் நினைவுக்கு வருகிறது. தோட்டங்களில் பிள்ளைகள் அதில் விழுவதைப் பார்த்து நொந்துபோனவர்கள் அப்படிப் பயப்படுவது நியாயம். ஆனால் வலி இருக்கும் நோயாளிக்குத் தாதியின் கண்காணிப்பில் ஓரிரு தடவை கொடுக்கும் மோர்ஃபினைக் கண்டு பயப்படத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்து அது.

ஹந்தானை எழுதியது:

நானும் மயக்க மருந்துத் துறைதான், கண்டிப் பக்கம். பனிமூட்டத்தின் விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இந்தச் சகோதரி "ஓபியொயிட் இல்லாததுதான் பாதுகாப்பு" என்ற முடிவோடு போய்விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பிரான்ஸில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. எடைகுறைப்பு மட்டும் இல்லை, இதயம் தவிர்ந்த நடுத்தர, பெரிய சத்திரசிகிச்சைகள். 300 பேருக்குச் சற்று மேல். ஒரு பிரிவுக்கு டெக்ஸ்மெடெடொமிடின், மற்றப் பிரிவுக்கு ரெமிஃபென்டனைல் என்ற ஓபியொயிட். டெக்ஸ்மெடெடொமிடின் பிரிவில் 5 பேருக்கு இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கியதால் ஆய்வையே நடுவில் நிறுத்தினார்கள். அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறு. எந்த ஒட்சிசன் குறைவைத் தவிர்ப்பதற்காக ஓபியொயிட்டை விலக்குகிறோமோ, அதே ஒட்சிசன் குறைவு அந்தப் பிரிவில்தான் கூடுதலாக இருந்தது: 72 சதவீதம், மற்றப் பிரிவில் 61. தூக்கத்தை நீட்டும் எந்த மருந்தும் கனத்த உடலுக்கு இலவசமாக வருவதில்லை.

ரெமிஃபென்டனைல் சில நிமிடங்களில் இரத்தத்திலேயே உடைந்துபோகும் மருந்து. கவனமாகக் கொடுத்து நிறுத்தினால் இரவு வரை எதுவும் மிஞ்சாது.

லிடோகெயினும் விளையாட்டு இல்லை. அளவு கூடினால் வாயைச் சுற்றி மரக்கும், காதில் இரையும், பிறகு வலிப்பு, இதயம் நிற்பது வரை போகும். கனத்த நோயாளியில் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. இதை உண்மையான எடைக்குக் கணக்கிடக்கூடாது, உயரத்துக்கு உரிய எடைக்குத்தான் கணக்கிட வேண்டும். இந்த அக்காவின் உயரத்துக்கு அது ஏறத்தாழ 48 கிலோ. பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வகுத்த வழிகாட்டலின்படி மணிக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது மணிக்கு 72 மில்லிகிராம். யாராவது அவசரத்தில் 112 கிலோவைப் போட்டுப் பெருக்கினால் 168 ஆகிவிடும். வயிற்றுச் சுவரில் வேறு மரக்கும் ஊசியைப் பெரிய அளவில் போட்டால் நாளத்தில் லிடோகெயின் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்று. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டோம். ஐந்தாறு மருந்துகளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்ற முறை, அவற்றில் இரண்டு இல்லாத நாளில் என்ன ஆகும்? நான் நம்புவது ஓபியொயிட்டைக் குறைப்பதை. அறவே இல்லாமல் செய்வேன் என்று சபதம் எடுப்பதை இல்லை.

பனிமூட்டம் எழுதியது:

ஹந்தானை டொக்டர், லிடோகெயின் கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. அந்த 48, 112 விஷயத்தைத்தான் நானும் பயிற்சி வைத்தியர்களிடம் தொண்டை வற்றச் சொல்வேன்.

பிரான்ஸ் ஆய்வை முழுதாகப் பார்ப்போம். அதே ஆய்வில் குமட்டலும் வாந்தியும் ரெமிஃபென்டனைல் பிரிவில் 37 சதவீதம், டெக்ஸ்மெடெடொமிடின் பிரிவில் 24. பிறகு தேவைப்பட்ட மோர்ஃபினும் குறைவு. டெக்ஸ்மெடெடொமிடினைப் பலர் இன்று கொடுப்பதைவிடத் தாராளமாகக் கொடுத்தார்கள் என்ற விமர்சனமும் உண்டு. எடைகுறைப்புச் சத்திரசிகிச்சையில் மட்டும் செய்து, 2014இல் பிரித்தானிய மயக்கவியல் சஞ்சிகையில் வந்த ஆய்வில் 119 பேர். இரு பிரிவினருக்கும் வாந்தியைத் தடுக்க மூன்று மருந்துகள் கொடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் வழக்கமான மயக்கத்தில் 37 சதவீதத்தினருக்குக் குமட்டல் அல்லது வாந்தி, ஓபியொயிட் இல்லாத பிரிவில் 20. வாந்தி விஷயத்தில் நன்மை இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

மூச்சு விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி, அவ்வளவு துணிச்சலாகச் சொல்ல இடமில்லை. இரண்டு முறையிலும் முதல் இரவு ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

பழைய மலைப்பாதை (மஸ்கெலியா) எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நம் தாத்தா பாட்டிகள் மலையேறி இறங்கியே உடம்பை வைத்திருந்தார்கள். இந்த வெட்டுக்கொத்தெல்லாம் வேண்டுமா? வாயைக் கட்டி நடந்தால் குறையாதா? மயக்க மருந்தில் இவ்வளவு ஆபத்து என்று டொக்டர்மாரே சொல்லும்போது ஏன் போய் விழ வேண்டும்?

ஊற்றுத்தண்ணீர் (பண்டாரவளை) எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே பல வருடங்களைத் தொலைத்தவள் நான். வாயைக் கட்டவில்லை என்று நினைத்தீர்களா? கட்டினேன். குறைந்தது, பிறகு வட்டியோடு திரும்பியது. இரைப்பையின் மேல்பகுதியில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு உருவாகிறது. சத்திரசிகிச்சையில் அந்தப் பகுதியையே எடுத்துவிடுகிறார்கள், பசியின் பிடி தளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். 2022இல் உலக அளவிலான எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் உடல் நிறைச் சுட்டெண் 35ஐத் தாண்டினாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், இதைப் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்றன. இந்த அக்காவுக்கு அது 46க்கு மேல். சீனியும் பிரஷரும் மூச்சடைப்பும் சேர்ந்தால் சும்மா இருப்பதுதான் பெரிய ஆபத்து.

தங்கச்சி, எனக்கு இந்த ஓபியொயிட் இல்லாத முறையில்தான் செய்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கண் விழித்தபோது உடம்பு கனத்துக் கிடந்தது, வாய் காய்ந்திருந்தது, பேச மனம் வரவில்லை. ஆனால் குமட்டல் துளியும் இல்லை. முதல் மணித்தியாலத்தில் வயிற்றின் நடுவில் முறுக்கிப் பிடிப்பது மாதிரி ஒரு வலி வந்தது. சொன்னேன். சிறிதளவு மோர்ஃபின் நாளத்தில் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள், அடங்கியது. "ஓபியொயிட் இல்லாமல் செய்தோம், ஆகவே தரமாட்டோம்" என்று யாரும் சொல்லவில்லை. பிறகு தோள்பட்டையில் ஒரு வலி. வயிற்றில் ஏன் கை வைத்தார்கள், தோள் ஏன் வலிக்கிறது என்று குழம்பிப்போனேன். உள்ளே பார்ப்பதற்காக நிரப்பும் காபனீரொட்சைட்டு வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரியும் வலியாம் அது. அன்று மாலையே எழுந்து நடந்தேன், நடக்க நடக்கக் குறைந்தது.

டிக்கோயா மிஸ்ஸி எழுதியது:

இரண்டு டொக்டர்மாரும் மருந்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். தாதி என்ற முறையில் நான் வார்டைப் பற்றிப் பேசுகிறேன். இந்த இழையில் எனக்கு மிகவும் உறுத்திய வரி கொழுந்துக்கூடை முதலில் எழுதியது: அக்கா எதுவும் பேசுவதில்லை.

நம் பெண்களிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டால் "பரவாயில்லை மிஸ்ஸி" என்றுதான் பதில் வரும். படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறியவர்கள், அவர்கள் வளர்த்த பிள்ளைகள். வலியைச் சொன்னால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும் என்று பழகிய வாழ்க்கை. ஆசிரியையாக இருந்தாலும் அந்தப் பழக்கம் வீட்டிலிருந்து கூடவே வரும். பித்தப்பை எடுத்த ஓர் அம்மா எங்கள் வார்டில் இருந்தார். கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டி "இல்லை" என்பார். ஆனால் மொனிற்றரில் நாடித்துடிப்பு இறங்கவே இல்லை. ஒரு கை போர்வைக்குள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது, விரல் மூட்டுகள் வெளுத்துப்போயிருந்தன. மூச்சை மேலோட்டமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், ஆழமாக இழுத்தால் வலிக்குமே. பூச்சியத்திலிருந்து பத்து வரை எண் சொல்லுங்கள் என்றேன், அவருக்கு அது பிடிபடவில்லை. "அம்மா, இந்த வலி அரைக் கூடைப் பாரமா, நிறைந்த கூடைப் பாரமா?" என்று கேட்டேன். "நிறைந்த கூடை" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.

வலியை அடக்கிக்கொண்டு மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், இருமவும் முடியாது, நடக்கவும் முடியாது. நடக்காவிட்டால் காலில் இரத்தம் உறையும். மோர்ஃபினுக்குப் பயந்து வலியோடு கிடப்பதும் கனத்த உடலுக்கு ஆபத்துத்தான். ஓபியொயிட் இல்லாமல் மயக்கம் கொடுத்தவர்கள் "வலி குறைவாகத்தான் இருக்கும்" என்று நினைத்திருப்பார்கள், நோயாளி "பரவாயில்லை" என்பார், இரண்டும் சேர்ந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமலே இரவு போய்விடும். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்: வலியைச் சொல்வது மிஸ்ஸிக்குத் தொந்தரவு இல்லை, எங்களுக்கு அது தகவல். நீங்கள் சொன்னால்தான் எங்களால் அளவாகக் கொடுக்க முடியும்.

கொழும்பு வார்டில் இரவு நேரத்தில் தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம். "ரிதெனவா" என்றால் வலிக்கிறது, "வமனெ எனவா" என்றால் வாந்தி வருகிறது, "ஹுஸ்ம கன்ன அமாருயி" என்றால் மூச்சுவிடக் கஷ்டம். அக்காவுக்குச் சிங்களம் தெரிந்திருந்தாலும் மயக்கம் தெளியாத நேரத்தில் நாக்கு புரளாது. சிங்கள எழுத்தில் பெரிதாக எழுதி ஒரு தாளைத் தலைமாட்டில் வையுங்கள், விரலால் காட்டினால் போதும்.

முதல் இரவைப் பற்றிக் கேளுங்கள். கூடுதல் கண்காணிப்புக் கட்டில் கிடைக்குமா, விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவி விடியும் வரை இருக்குமா என்று கேளுங்கள். தலைப்பக்கம் உயர்த்தித்தான் படுக்க வேண்டும், மட்டமாகப் படுக்கவே கூடாது. மூக்கில் ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தால் கருவி நல்ல எண்ணைக் காட்டும், ஆனால் மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று அது சொல்லாது. அதை மார்பைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

குளிர்காற்று (நுவரெலியா) எழுதியது:

அருமையான இழை. எனக்கு ஒரு கேள்வி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கொழும்பில் எல்லாம் சரியென்று அனுப்பிவிடுவார்கள், பிறகு இங்கே ஏறி வருகிறோம். இந்த உயரம் மூச்சடைப்பு உள்ளவருக்கு ஏதாவது செய்யுமா?

ஹந்தானை எழுதியது:

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்த ஆரோக்கியமான உடம்புக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்குக் கையிருப்பு ஏற்கெனவே குறைவு, மேலே வந்தால் இன்னும் குறைகிறது. அந்த நிலையில் ட்ரமடோல் குளிசையோ தூக்கக் குளிசையோ எடுத்துவிட்டுப் படுப்பதை நான் விரும்பமாட்டேன். கொட்டகலை நுவரெலியாவைவிடத் தாழ்வு, ஆனாலும் இதே யோசனைதான். வீட்டுக்குப் போகும்போது என்ன வலிக்குளிசை தருகிறார்கள் என்பதைக் கேட்டே ஆகவேண்டும். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் பெரும்பாலானவர்களுக்கு வீட்டில் பரசிட்டமோலே போதுமாகிவிடும். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபாப் கருவி பரிந்துரைத்திருந்தால் அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பாவித்துப் பழக வேண்டும், வைத்தியசாலைக்கும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

கொழுந்துக்கூடை (கொட்டகலை) எழுதியது:

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. உங்கள் பதில்களை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். டிக்கோயா மிஸ்ஸி எழுதியதை வாசித்தபோது அக்கா முதன்முறையாக வாய் திறந்தார். "எனக்கு மயக்கத்தைப் பற்றிப் பயமில்லை. வலிக்கிறது என்று சொன்னால் இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கத்துகிறாளே என்று நினைப்பார்களோ என்றுதான் பயம்" என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் பேசினார்.

மறுபடியும் கிளினிக்குக்குப் போனோம். இந்த முறை அக்காவே கேட்டார். அட்டெனோலோல் எடுப்பதைச் சொன்னதும் டொக்டர் கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டார். டெக்ஸ்மெடெடொமிடினை மிகக் குறைவாக வைப்போம், அல்லது இவருக்கு அதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றோடு செய்வோம், அன்று காலை துடிப்பைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார். மருந்துகளை 112 கிலோவுக்கா கணக்கிடுவீர்கள் என்று அக்கா கேட்டதும் டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். இல்லை டீச்சர், மருந்துக்கு மருந்து வேறு எடை என்று பொறுமையாக விளக்கினார். எழும்பிய பிறகு வலி இருந்தால் மோர்ஃபின் சிறிது சிறிதாகத் தருவோம், அதற்குத் தடை இல்லை என்றார். முதல் இரவு கூடுதல் கண்காணிப்புக் கட்டில். தூக்கப் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறார், அது முடிந்த பிறகுதான் திகதி தருவார்களாம். தாமதம்தான், ஆனாலும் எங்களுக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்த பிறகு இடுப்பு வலி, முழங்கால் வலி என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் வழக்கமாக டைக்ளோஃபெனாக்தான் தருவார்கள். அக்காவும் அதை நிறைய எடுத்திருக்கிறார். இனி எடுக்கலாமா?

ஊவா மருந்தாளர் (பதுளை) எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள். அக்காவுக்கு இரைப்பையைக் குழாய் போலச் சுருக்குகிறார்களா, குடலை இணைத்து மாற்றுவழி போடுகிறார்களா என்பதைச் சத்திரசிகிச்சை டொக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாற்றுவழி போட்டவர்களுக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை வேண்டவே வேண்டாம், இணைத்த இடத்தில் புண் வரும், இரத்தம் கசியும். சுருக்குவது மட்டும் என்றாலும் அந்த டொக்டர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. வார்டில் இருக்கும்போது அவர்களே ஓரிரு நாள் கொடுத்தால் அது வேறு கதை, அவர்கள் பார்த்துக்கொண்டு கொடுக்கிறார்கள்.

கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் சத்திரசிகிச்சையின் பெயர், திகதி, தரக்கூடாத மருந்துகள் ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். சிங்களத்திலும் எழுதுங்கள். டிஸ்பென்சரிக்குப் போகும்போது பிள்ளைகள் யாரையாவது மருந்து வாங்க அனுப்பினால் கொப்பியையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். பனடோல் வாங்குவதென்றால் முதல் வாரங்களுக்குக் கரைத்துக் குடிக்கும் வகையையோ பாணியையோ கேளுங்கள், பெரிய குளிசையை முழுதாக விழுங்க அந்தச் சின்ன இரைப்பை இடம் தராது.